கோபன்ஹேகனில் எடுத்த படம்

என்ரை அன்பு மகளுக்கு,

உன்ரை அண்ணன்ரை பிள்ளையளின்ரை புதினத்தை முதலிலை சொல்லுறன். சாரங்கி பல் டொக்டராகிட்டாள். கபிலன் முதல்தரமே லைசென்ஸ் எடுத்திட்டான். கடைக்குட்டி நிரோஜன் ஜிம்னாசியம் எண்ட உயர்பள்ளிக்கூடம் முடிச்சு, பாஸ் பண்ணின ஆக்கள் போடுற வெள்ளைத் தொப்பியும் போட்டிட்டான்!

அந்தச் சந்தோசப் புளுகத்திலை எங்கடை ஊர் பிராண்டேயிலையிருந்து எல்லாருமாக் கோபன்ஹேகன் போனம். எனக்கு எப்பவும் பிடிச்ச ஊரெல்லோ. நாங்கள் வந்த புதிசிலை, உன்னை இடுப்பிலை வைச்சுக்கொண்டு படம் எடுத்த அதே கப்பல்துறையிலை, கலர் வீடுகளுக்கு முன்னாலை திரும்பவும் வரிசையா நிண்டம்.

படம் எடுத்துத் தந்த டெனிஷ்காரி, "நெருங்கி நில்லுங்கோ" எண்டு கையைக் காட்டினாள். நான் எனக்குப் பக்கத்திலை இடம் விட்டபடி அசையாமல் நிண்டன்.

"அப்பம்மா, இதுக்குள்ளாலை பஸ்ஸே போகலாம்" எண்டு நிரோஜன் சிரிச்சான்.

இடைவெளிக்கு அந்தப் பக்கம் நிண்ட அப்பா இன்னும் ரெண்டடி தள்ளி நிண்டார். அவரை ஆரும் கேக்கேல்லை, பிள்ளை. தானாத்தான் தள்ளினவர்! இப்ப அதிலை மூண்டு பேர் தாராளமா நிக்கலாம்.

அப்பா கோவிச்சுக்கொண்ட உன்ரை கலியாணத்துக்குப் பிறகு, நீ நிக்கிற படம் ஒண்டுகூட எங்கடை வீட்டிலை இல்லை. மருமகனும் குழந்தையும் நீயுமா நிண்டு புதுசா ஒண்டு எடு. போனிலை அனுப்பாதை, தபாலிலை போடு. தபால்பெட்டியைத் திறக்கிறது அப்பாதான்.

அன்புடன்,
அம்மா