ஐந்து பெயர்களும் நீங்களும்

அன்புள்ள மல்லிகா அக்கா,

இப்படிக் கூப்பிடும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் நீங்கள் வேதியியல் துறை மல்லிகா மேடம். எனக்கு மட்டும்தான் அக்கா. வேறு எப்படிக் கூப்பிடுவது?

நம் கட்டுரை வெளிவந்துவிட்டது. திருமுல்லைவாயில் வீடுகளின் போர்வெல் தண்ணீரைப் பற்றி இரண்டு வருடம் அலைந்து செய்தோமே, அதுதான். தலைப்புக்குக் கீழே ஐந்து பெயர்கள் இருக்கின்றன. உங்கள் பெயர் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றவர்களும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்களிடம் மட்டும் சொன்னால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள்.

அந்தச் சுற்றறிக்கை வந்த வாரம் நினைவிருக்கிறதா? ஒவ்வொரு ஆசிரியரும் வேறு இரண்டு துறைகளோடு சேர்ந்து ஓர் ஆய்வு செய்தாக வேண்டும், மாணவர் ஒருவராவது அதில் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். கேன்டீனே கல்யாணத் தரகர் வீடு மாதிரி ஆகிவிட்டது. கணினித் துறைக்காரர்களுக்கு அத்தனை கிராக்கி. சமூகவியல்காரியான என்னை யாரும் கேட்கவில்லை. நீங்கள் தட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து, “மிச்சம் நாம ரெண்டு பேர்தான் இருக்கோம். ஜாதகம் பாக்க வேணாம்ல?” என்றீர்கள்.

நான் சிரிக்கவில்லை. பல துறை ஆய்வு என்பது தரவரிசைக்காக ஆடும் கூத்து என்று நேராகவே சொன்னேன். நீங்கள் மறுக்கவில்லை. கூத்து நடக்கட்டும், நடுவில் நாம் ஏதாவது உருப்படியாகச் செய்துகொள்ளலாம் என்றீர்கள்.

செய்தோம். நீங்கள் வயர் கூடையில் காலி பாட்டில்களை அடுக்கிக்கொண்டு ரயிலில் வந்து இறங்குவீர்கள். நானும் என் ஆய்வு மாணவி சங்கீதாவும் வினாத்தாள்களோடு ஸ்டேஷன் வாசலில் நிற்போம். அவளுக்கு அதே ஊர். தெருவுக்குத் தெரு அவள் முன்னால் போய் நின்றதால்தான் கதவுகள் திறந்தன. நீங்கள் தண்ணீர் பிடிப்பீர்கள், நான் கேள்வி கேட்பேன். பாட்டிலில் வீட்டுக்காரர் பெயரை எழுதாதீர்கள், எண் மட்டும் போதும், அதுதான் ஆய்வு நெறி என்று நான் எத்தனை தடவை உங்களைக் கண்டித்திருப்பேன்.

ஒரு வீட்டில் ஒரு பெண், இந்தத் தண்ணீரில் பருப்பு வேகமாட்டேன் என்கிறது, அதனால் சாம்பார் வைப்பதையே குறைத்துவிட்டோம் என்றாள். நான் அதைப் பேச்சுவாக்கில் சொன்னதாக விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். நீங்கள்தான் குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தீர்கள். “அத எழுதும்மா. எங்க மெஷின் சொல்றத அவங்க அடுப்பு முன்னாடியே சொல்லிடுச்சு.” அடுத்த தெருவிலிருந்து ஏழாவது கேள்வி மாறியது: பருப்பை எந்தத் தண்ணீரில் வேகவைக்கிறீர்கள்? அந்த ஒரு கேள்விதான் வீடுகளைத் திறந்து காட்டியது. யார் வீட்டில் கேன் தண்ணீர் சமையலுக்கும் போகிறது, யார் வீட்டில் அது குழந்தைக்கு மட்டும், யார் வீட்டில் மாமனாருக்கு மட்டும் என்பதெல்லாம் அதில்தான் தெரிந்தது. கட்டுரையைப் பரிசீலித்த இருவரும் பாராட்டியது அந்தப் பதில்களை வைத்துப் போட்ட அட்டவணையைத்தான். சமூகவியல்காரி கேட்க மறந்ததை வேதியியல்காரி கேட்டார். இன்று அந்த அட்டவணை என் பெயரில் நிற்கிறது.

கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த நாட்களில் ஒருநாள், நீங்கள் வகுப்புக்குப் போகும் வழியில் மாடிப்படியில் உட்கார்ந்தீர்கள். எழுந்திருக்கவில்லை. மூன்று மாதம் கழித்துக் கட்டுரை திருத்தங்களோடு திரும்பி வந்தது. அதை மறுபடி அனுப்ப வேண்டுமென்றால் முதலில் நம் பல்கலைக்கழகப் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். எழுதியவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கைபேசிக்கு வரும் ஓடிபியைப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். ஆய்வு அலுவலகத்தில் இருக்கும் முருகவேல் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மேடம், அவங்க நம்பருக்கு ஓடிபி போனா யாரு எடுப்பா? பேர எடுத்துட்டா இன்னிக்கே முடிஞ்சிடும்.”

அவர் கெட்டவர் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஒரு வேலையை முடிக்க நினைத்தார், அவ்வளவுதான்.

பெயரை எடுத்ததும் வேதியியல் துறைக்கு ஆள் இல்லாமல் போயிற்று. மூன்று துறைக் கணக்கு உதைத்தது. உங்கள் இடத்தில் உங்கள் துறைத்தலைவர் வந்து உட்கார்ந்தார். நம் பாட்டில்களில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்திராதவர். முதல் பெயர் டீன். எந்தக் கட்டுரையானாலும் முதல் பந்தி அவருக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். பிறகு வரைபடம் போட்டுக்கொடுத்த கணினித் துறைக்காரர், நான், கடைசியில் சங்கீதா.

என் கைபேசிக்கும் ஆறு இலக்கம் வந்தது. அடித்தேன். யாரும் என் விரலைப் பிடித்து அழுத்தவில்லை அக்கா. பேராசிரியர் பதவிக்கான நேர்காணலுக்கு ஒரு கட்டுரை குறைந்தது. நாற்பத்தெட்டு வயதில் இன்னொரு முறை வரிசையில் நிற்க மனமில்லை. உங்களுக்கு நன்றியுரையில் ஒரு வரி எழுதினேன். எழுதி முடித்தபோது நான் நல்லவள் என்றுகூட எனக்குத் தோன்றியது.

போன மாதம் ஆய்வு நாள் கொண்டாடினார்கள். கட்டுரையைப் பெரிதாக அச்சடித்து மண்டபத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். சங்கீதா தன் அம்மாவைக் கூட்டிவந்திருந்தாள். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்ப்பவர், அரை நாள் விடுப்புப் போட்டு வந்திருந்தார். மகளின் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “அந்தப் பாட்டில் அம்மா பேரு எதுமா?”

சங்கீதா என்னைப் பார்த்தாள். நான் வரைபடத்தைப் பார்த்தேன். “இல்லம்மா. அவங்கதான் செத்துட்டாங்க இல்ல” என்றாள்.

“அதுக்கு இன்னா? ரேஷன் கார்டுலதான் செத்தவங்க பேர எடுப்பாங்க. உங்க அக்கா கல்யாணப் பத்திரிகைல உங்க நைனா பேரு இல்லாமலா அடிச்சோம்? அப்போ அவரு போயி மூணு வருசம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு டீச்சர். எங்க ஊட்டாண்ட அந்தம்மா வெயில்ல நின்னுகினு தண்ணி புடிச்சாங்களா இல்லியா?”

பிடித்தார்கள் என்றேன். அதற்குள் மேடைக்குக் கூப்பிட்டார்கள். போனேன். டீன் கையால் பொன்னாடை வாங்கிக்கொண்டேன். கீழே அந்த அம்மா கைதட்டவில்லை. என்னை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகுதான் அந்த ஆய்விதழின் விதிகளை முதல் தடவையாகப் படித்தேன். மறைந்தவர் பெயரைத் தாராளமாகப் போடலாமாம். அவர் இறந்துவிட்டார் என்று ஒரு அடிக்குறிப்புக் கொடுத்தால் போதுமாம். ஓடிபி கேட்டது நம் போர்ட்டல் மட்டும்தான். ஆய்விதழ் கேட்கவே இல்லை. நம் அலுவலகத்தின் வழக்கத்தை உலகத்தின் விதி என்று நினைத்து நான் தலையாட்டியிருக்கிறேன். புதிதாகச் சேரும் ஆய்வு மாணவர்களுக்கு வாரம் இரண்டு மணி நேரம் ஆய்வு நெறி நடத்துகிறவள் நான். உழைத்தவர் பெயரை விடுவதும் உழைக்காதவர் பெயரைச் சேர்ப்பதும் திருட்டு என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள். படித்திருந்தால் மட்டும் சண்டை போட்டிருப்பேனா? உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். தெரியவில்லை.

ஆசிரியர் குழுவுக்கு எழுதிவிட்டேன். கட்டுரையையே திரும்பப் பெறச் சொல்லியிருப்பேன். ஆனால் சங்கீதாவின் முனைவர் பட்டம் அதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் திருத்தம் மட்டும் கேட்டேன். கைதவறி விடுபட்டது என்று எழுதவில்லை. நான் எடுத்தேன் என்று எழுதினேன். ஐந்து பேரும் சம்மதித்தால் உங்கள் பெயரைச் சேர்ப்பதாகப் பதில் வந்தது. சங்கீதா அன்றைக்கே சம்மதம் அனுப்பினாள். கணினித் துறைக்காரர், “எனக்கென்ன மேடம், போடுங்க” என்றார். டீனிடமிருந்து பதில் இல்லை. உங்கள் துறைத்தலைவர் மட்டும் என் அறைக்கு வந்து, போனவங்களை ஏன் இழுக்கிறீர்கள், அவங்களுக்கு இனிமேல் எதற்குப் பெயர் என்று கேட்டார். உங்களுக்கு எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை. அவருக்கு எதற்கு என்று மட்டும் தெரியும், எனக்கு எதற்கு என்றும் தெரியும்.

அடுத்த திங்கட்கிழமை நேர்காணல். என் பட்டியலில் அந்தக் கட்டுரையைச் சேர்க்கவில்லை. அது இல்லாமல் தகுதி போதாது என்று முருகவேல் இரண்டு முறை கூப்பிட்டு நினைவுபடுத்தினார். இதைத் தியாகமாக எண்ணிக்கொள்ளாதீர்கள். செய்ய வேண்டிய அன்று செய்யாததைப் பல மாதம் கழித்துச் செய்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு வாக்குத் தருகிறேன். இந்த மாதக் கடைசிவரை அந்த இரண்டு பேருக்கும் காத்திருப்பேன். அவர்கள் சம்மதிக்காவிட்டால், நடந்ததை எழுத்தில் சொல்லி என் பெயரையும் எடுத்துவிடச் சொல்வேன். சங்கீதாவின் பெயர் இருக்கட்டும், அது அவள் உழைத்துப் போட்டது. நீங்கள் இல்லாத அந்தப் பக்கத்தில் நான் இருக்க மாட்டேன்.

உங்கள் பெயரை எடுத்தவளும்
உங்கள் தங்கையுமான,
ஜெயந்தி