பூப்பறித்துவிட்டு வந்தவர்கள்

டீச்சர், உங்கள் படத்துக்குப் போட்ட பிச்சிப்பூ மாலையின் வாசம் என் சட்டையில் இன்னும் இருக்கிறது. அந்தப் பூவை விடியலில் பறித்த பிள்ளைகள், உங்கள் அஞ்சலிக் கூட்டம் முடியும்வரை பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நின்றார்கள். தாமதமாக வந்தார்களாம். சங்கரன்கோவில் ஊரே தலையில் வைத்துக்கொள்ளும் பூ. பறித்த கை மட்டும் ஒழுங்கீனம்.

பள்ளியின் சிக்கல் ஒன்றுக்குக் காரணம் தேடி, மாற்றங்கள் செய்து பார்க்கும் செயல் ஆராய்ச்சி என்றால், போன வருட அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றி, கம்ப்யூட்டர் கடையில் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது என்றுதான் இங்கே வழக்கம். தலைமையாசிரியராக வந்த நீங்கள்தான் அதை நிஜமாகச் செய்ய உட்கார்ந்தீர்கள். காலையில் ஏன் இத்தனை பிள்ளைகள் வருவதில்லை? "படிப்பில் ஆர்வமில்லை" என்று என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியர்கள் காரணம் எழுதிக் கொடுத்தார்கள். படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "தம்பி, இது ஆராய்ச்சி இல்ல, சாபம்."

'ஏன் வரல?' என்று எல்லோரும் கேட்டுச் சலித்த ஏழாம் வகுப்பு மாரியிடம், கேள்வியைத் திருப்பிப் போட்டீர்கள்.

"நேத்து வந்திருந்தா என்ன நடந்திருக்கும் மக்கா?"

"பூப்பறிச்சு முடிச்சு வாரதுக்குள்ள கேட்டப் பூட்டிருப்பாவ. வெளிய நிக்கணும். ரோட்டுல போறவன்லாம் 'ஏட்டி பூக்காரி'ம்பான். அதுக்கு வீட்லயே கெடக்கலாம்லா டீச்சர்."

மறுநாள் கேட்டைத் திறந்தே வைத்தீர்கள். பலிக்கவில்லை. பிள்ளைகள் வந்தார்கள், முதல் பீரியட் கணக்கு பாதி ஓடிய பிறகு வந்து, ஒன்றும் புரியாமல் கடைசி பெஞ்சில் தூங்கினார்கள். கணக்கு சாருக்குக் கொண்டாட்டம்.

"நான் அப்பவே சொன்னேம்லா. ஒழுங்குன்னு ஒண்ணு வேண்டாமா?"

"விடியக்காலம் எந்திச்சு வேல முடிச்சிட்டு வாரவளுக்கு நாம என்ன சார் ஒழுங்கு சொல்லிக் குடுக்கப் போறோம்? தப்பு நம்ம டைம்டேபிள்ல இருக்கு."

கணக்கை மதியத்துக்குத் தள்ளி, முதல் பீரியடில் வாசிப்பு வைத்தீர்கள். யார் எப்போது வந்தாலும் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ளலாம். மாரி முன் பெஞ்சுக்கு நகர்ந்தாள். அவள் சத்தமாக வாசிப்பதை வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அதற்கடுத்த வாரம் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது.

கேட்டுக்குப் பூட்டு திரும்பி வர அதிக நாள் ஆகவில்லை.

இன்று மேடையில் உங்கள் 'புதுமை முயற்சி'யைப் புகழ்ந்து தள்ளினார்கள். நான் எழுந்து, "வெளிய நிக்குற பிள்ளைகள உள்ள விட்டுட்டுப் பேசுங்க" என்றேன். கணக்கு சார்தான் இப்போது பொறுப்புத் தலைமையாசிரியர். என் தோளைப் பிடித்து அமுக்கினார்.

"எழவு வீட்டுல சண்ட போடுதீரே வே. ஆபீசர் இருக்காவ. முடியட்டும், விடுவோம்."

முடிந்தது. கேட் திறந்தது. மாரி போயிருந்தாள்.

நாளை முதல் பீரியடை நான் கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் எடுக்கப் போகிறேன். மெமோ வரும், வரட்டும். மாரி வருவாளா என்றுதான் தெரியவில்லை. வராவிட்டால் அடுத்து எதை மாற்றிப் பார்ப்பது? வீட்டுக்கு வந்ததிலிருந்து இதை உங்களிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், டீச்சர்.