நீராவியை நிறுத்தாமல்

என் பெருங்குடிக் கடையில் இன்று அலமாரியை ஒழிக்கும்போது உன் கொக்கி கிடைத்தது. வால்வின் கழுத்துக்குள் விட்டுப் கசிவை அடைக்கும் பழைய பேக்கிங் கயிற்றைக் குத்தி இழுப்பாயே, அதுதான். நுனியில் கரி இன்னும் ஒட்டியிருந்தது. துடைத்தேன். கையெல்லாம் கருப்பு.

நான் பேக்கிங் விற்பவன், நீ அதை மாட்டுபவன். பல வருஷம் அப்படித்தான் ஓட்டினோம். கன்ட்ரோல் வால்வின் தண்டைச் சுற்றி நீராவி கசிந்தால் ஊரெல்லாம் செய்வது ஒன்றுதான்: பழையதை எடுக்காமல் மேலே ஒரு பேக்கிங் வளையம் வைத்து நட்டை இறுக்குவது. நானும் அதற்குத் தோதாக ஒற்றை வளையம் வெட்டி விற்றேன். நீ மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டாய். வால்வுக்கு இரண்டு பக்கமும் குழாயை அடைத்துப் பூட்டி, சாவியை உன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாய். வால்வைத் தானாக ஆட்டும் காற்றுக் குழாயையும் கழற்றுவாய். அழுத்த மீட்டர் முள் பூஜ்யத்தில் நின்றாலும், உள்ளே ஆவி மிச்சமா என்று வடிகுழாயைத் திறந்து பார்ப்பாய்.

"முள்ளு மாட்டிக்கினுகூட நிக்கும் மொதலாளி. தொறந்து பாத்தாதான் நெசம்."

குழாய் ஆறிய பிறகு பழைய வளையங்களை எண்ணி எடுத்து, தண்டில் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவுவாய். புது வளையங்களின் வெட்டு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் திருப்பி வைப்பாய். நட்டுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறுக்குவாய்.

"ஒரு வால்வுக்கு அரை நாளா? கல்யாணமா பண்ற?" என்பேன்.

"மாமனாராட்டம் குந்து. டீ வரும்" என்பாய்.

ஒரு சலவை ஆலை மேனேஜரிடம், ஆவியை நிறுத்தாமலே வேலை முடியும் என்று வாக்குக் கொடுத்தவன் நான். முகூர்த்த மாதம், கல்யாண மண்டபத்து விரிப்புகள் மலையாகக் கிடந்தன. எனக்குப் பெரிய வாடிக்கை, கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். வாக்குக் கொடுத்த பிறகுதான் உனக்குப் போன் செய்தேன்.

"லைன நிறுத்தாம கை வெக்க மாட்டேன். தெரியும்ல?"

"எனக்காக ஒரு தடவைடா. சொல்லிட்டேன், மானம் போயிரும்."

"சரி. உனுக்கோசரம்" என்றாய்.

நட்டைத் தளர்த்தியதும், உள்ளே நைந்து கிடந்த வளையங்களை ஆவி மொத்தமாக வெளியே தள்ளியது. முகம், நெஞ்சு. எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். உன்னால் பேச முடியவில்லை. என்னால் முடிந்தும் நான் பேசவில்லை. ஒன்பதாம் நாள் நீ இல்லை.

ஒற்றை வளையம் விற்பதை நிறுத்திவிட்டேன். கேட்டு வருபவர்கள் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்கிறார்கள். ஆவி ஓடும்போதேதான் இன்னும் மாட்டுகிறார்கள். நான் நிறுத்தியதால் ஒரு வால்விலும் வேலை முறை மாறவில்லை.

போன வெள்ளிக்கிழமை மயிலாப்பூரில், உன் மனைவி வேலை பார்க்கும் தையல் கடைக்குப் போனேன். நான் கேட்டுத்தான் நீ நட்டைத் தொட்டாய் என்று சொல்லிவிடத்தான் போனேன். இது மூன்றாம் தடவை. மெஷினை நிறுத்திவிட்டு அவளே பேசினாள்.

"நீங்க வேணாம்னுதான் சொல்லியிருப்பீங்கண்ணா. அது எப்ப யார் பேச்ச கேட்டுச்சு? ஆவி ஓடறப்ப எவனாவது நட்ட தொடுவானா?"

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அத்தனை எச்சரிக்கையாக இருந்த உன்னை, திமிரில் செத்தவன் என்று உன் வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டிருப்பவன் நான். அடுத்த தடவையும் மயிலாப்பூர் போவேன். அவள் பேசுவாள். நான் தலையை ஆட்டுவேன்.