நான்கு டியூப், இரண்டு பம்ப், ஒரு ப்யத்தடா

ஜனவரி 27, செவ்வாய்

காலையில் மூடுபனி. ஒன்பது மணிக்கே கரண்ட் போய்விட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகை விளக்கை பேட்டரியில் ஓட்டினேன். பதினோரு பேருக்குப் பவர் பார்த்தேன். பதினோரு பேரிடமும் அதே கேள்வி: இது தெளிவா, அது தெளிவா?

மா கின் நேற்றுச் சொன்னதை எழுதிவைக்க வேண்டும். (என் மனைவிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இந்த நோட்டுக்கு அதுதான் பூட்டு.) எல்லைக்கு அப்பால் சியாங்மாயில் தையல்கடை வைத்திருக்கும் அவள் அக்கா வேலைக்குக் கூப்பிடுகிறாள். ஓர் ஆளுக்குத்தான் இடம். பிப்ரவரி பாதிக்குள் பதில் வேண்டுமாம்.

"பதினாலு வருஷத்துல நம்ம ரெண்டு பேரும் சேந்து எங்கயாச்சும் போயிருக்கோமா, கோ மோ? ஒரு தடவை போவோம். சைக்கிள்ல, ரெண்டு நாள். வந்து அக்காவுக்குப் பதில் சொல்றேன்."

(கோயிலில் மட்டும்தான் நான் மூர்த்தி. வீட்டிலும் கடையிலும் கோ மோ.)

க்யிம்யிண்டைங் துறையில் படகேறி, ஆற்றுக்கு மேற்கே அக்கரை. அங்கிருந்து த்வாண்டே பக்கம் ரயிலுக்கென்று போட்ட மண்மேடு, ரயில் வராமல் கிடக்கிறது. இப்போது அதில் சைக்கிளும் எருமையும். பதினைந்து மைல் இருக்கும். த்வாண்டேயில் அவள் சித்தி வீட்டில் தங்கல். மறுநாள் மேட்டோடு இன்னும் கொஞ்சம் தெற்கே போய்விட்டுத் திரும்புவது.

இது என்னிடம் விடைபெறும் பயணமா, என்னைச் சோதிக்கும் பயணமா? கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது: "டயர் தாங்குமா?"

ஜனவரி 28, புதன்

கரீம் பாய் கடை. மிங்கலா தாங்ஞுன்ட் ரயில் பாலத்தடியில், ஜப்பானிலிருந்து வரும் பழைய சைக்கிள்கள். என்னுடையதும் மா கின்னுடையதும் அங்கே வாங்கியவைதான். அவளுடையது கூடை வைத்த லேடீஸ் வண்டி, மூன்று கியர். எனக்கு ஏழு. நான் நான்கைத் தாண்டியதில்லை.

"மண்மேடுன்னா ஒண்ணே முக்கால் இஞ்ச் டயர் போடுங்க தம்பி."

"ரெண்டு இஞ்ச்?"

"போடலாம். மட்கார்டுல உரசும்."

"அப்ப ஒன்றரை?"

"தம்பி, நான் டயர் விக்கிறேன். பொண்ணு காட்டல."

வாங்கியது / வாங்க வேண்டியது:
டயர் 2. டியூப் 4.
பம்ப், காலால் மிதித்து அடிப்பது 1. கைபம்ப் 1 (பெரியது உடைந்தால்?).
பங்க்சர் பசை. ஒட்டு. உப்புத்தாள்.
பின் கேரியர்: அலுமினியம் லேசு. இரும்பு ஒடிந்தால் எந்த ஊரிலும் வெல்டிங் வைக்கலாம். முடிவில்லை.
கேரியரில் இருபக்கமும் தொங்கும் பை: மூடி வைத்ததா, சுருட்டிக் கட்டுவதா?
மழைக்கோட்டு. (தை மாதத்தில் மழையா? இருக்கட்டும்.)

வீட்டில் காட்டினேன். மா கின் முகத்தில் பூசத் தனக்காக் கட்டையை அரைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "எப்பக் கெளம்பறோம்?" அவ்வளவுதான். பம்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜனவரி 30, வெள்ளி

தொண்டை கட்டியிருக்கிறது. கடையில் ஒரு அம்மாள், "ரெண்டுமே மங்கலாத்தான் தெரியுது" என்றாள். அவளைக் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

நாள் பார்க்க உட்கார்ந்தோம். சுவரில் இரண்டு காலண்டர். ஒன்று கோயில் பஞ்சாங்கம், என்னுடையது. மற்றது பர்மா காலண்டர், அவளுடையது. அதில் காரியம் தொடங்கக் கூடாத நாளுக்கு ப்யத்தடா என்று போட்டிருக்கும். அவள் அம்மா ப்யத்தடாவில் முடிகூட வெட்டமாட்டாளாம்.

கடைக்குத் திங்கள் லீவு. ஞாயிறு கேட்டால் முதலாளி விடுவார். ஆக ஞாயிறு, திங்கள். இந்த பர்மா மாதம் முழுக்க ஞாயிறும் ப்யத்தடா, திங்களும் ப்யத்தடா. என் பஞ்சாங்கத்திலோ ஞாயிறு, வெள்ளி மேற்கே சூலம். வியாழன் தெற்கே. செவ்வாயில் எதுவும் தொடங்குவதில்லை. சனி கிளம்பினால் ஞாயிறு அவள் கணக்கில் மாட்டும். மிஞ்சியது புதன். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது. அன்றைக்குத்தான் கடைக்குக் கண் டாக்டர் வருகிறார்.

"அடுத்த மாசம் ப்யத்தடா வேற நாளுக்கு மாறிடும். அப்பப் போவோம்" என்றேன். சொல்லும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அது ஏன் என்று தெரியவில்லை.

"அடுத்த மாசம் அக்கா வேற ஆளைப் பாத்துக்குவா" என்றாள். அப்படியென்றால் அவள் போக விரும்புகிறாளா? போகாமல் இருக்க என்னிடம் காரணம் கேட்கிறாளா? இரண்டுமே மங்கல்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். அவளுக்குத் தபோடுவே மாதப் பௌர்ணமி. நான் முருகன் கோயில், அவள் புத்தர் கோயில். எதிர்வீட்டிலிருந்து தமனே வந்தது. எள்ளும் வேர்க்கடலையும் போட்டுக் கிண்டிய ஒட்டரிசி. என் பொங்கலும் அவள் தமனேயும் ஒரே தட்டில். இப்படியே இருந்துவிடலாமே என்று தோன்றியது. சொல்லவில்லை, வாயில் சோறு.

பிப்ரவரி 5, வியாழன்

சாமான் ஏற்றிப் பார்த்தேன். அரிசிக் கடைத் தராசில் பைகள் மட்டும் பதினாலு வீசை, இருபது கிலோவுக்கு மேல். அரிசிக்காரர் கேட்டார்: "குடிபெயர்றீங்களா?"

கேரியர் அலுமினியம் வாங்கினேன். மாலையில் திருப்பிக்கொடுத்து இரும்பு. அதற்கு ஒரு போல்ட் குறைகிறது. கரீம் பாய் திங்கள் தருவதாகச் சொன்னார்.

"அப்ப இந்த ஞாயிறும் முடியாது. நாளும் சரியில்ல, போல்ட்டும் இல்ல" என்றேன். மா கின் கையிலிருந்த கரண்டியை வைத்தாள்.

"நாள் முழுக்க ஊரையெல்லாம் இதுவா அதுவான்னு கேக்கறீங்க. உங்கள ஒருத்தி கேட்டா மட்டும் கண்ணு தெரியல."

நான் அப்போதும் போல்ட்டைப் பற்றித்தான் பேசினேன். வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு. காலை

போய்விட்டாள். ஐந்தரைக்கு எழுந்தேன். அவள் தலை வாரி, தோளில் ஷான் துணிப்பை, காலில் செருப்போடு நின்றாள். "நான் கெளம்பறேன். வர்றீங்களா?" என்றாள்.

"இன்னைக்கு ப்யத்தடா" என்றேன். அவள் நம்பிக்கை, என் வாயில்.

"தெரியும்" என்றாள். படியில் சைக்கிள் தட்டித் தட்டி இறங்கும் சத்தம் கேட்டது. ஆறு மாடிப்படி வளைவு. எண்ணிக்கொண்டு நின்றேன், மடையன்.

போல்ட் இல்லாத இடத்தில் கம்பி கட்டுகிறேன். போகிறேன்.

அன்றே. த்வாண்டே, மாலை நான்கு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

துறைக்குப் போனபோது அவள் ஏறிய படகு நடு ஆற்றில். அடுத்த படகுக்குப் பலகை வைத்தார்கள். பதினாலு வீசையோடு சைக்கிளைப் பலகையில் ஏற்ற முடியவில்லை. முன்சக்கரம் தூக்கிக்கொண்டது. பின்னால் காய்கறிக் கூடைக்காரிகள் திட்டினார்கள். படகுக்காரன், "அண்ணே, சாமான் வருதா, நீங்க வர்றீங்களா? ஒண்ணு சொல்லுங்க" என்று கத்தினான்.

இரண்டு பைகளையும் அவிழ்த்துத் துறை டீக்கடை அம்மாவிடம் வீசினேன். அந்த அம்மா பதிலுக்கு ஒரு துண்டு பனைவெல்லத்தைக் கையில் திணித்தாள். வாயில் போட்ட பிறகுதான் நினைவு வந்தது, மேற்குச் சூலத்துக்குப் பரிகாரம் வெல்லம்.

மேடு அழகாக இருந்தது. இரண்டு பக்கமும் அறுத்த வயல், பனி. ரசிக்கத் தோன்றவில்லை. ஏழாவது கியரில் மிதித்தேன், பிறந்ததிலிருந்து முதல் தடவை. மூன்றாவது மைலில் தூங்குமூஞ்சி மரத்தடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். பின்டயர் தரையோடு.

"பம்ப்?"

"துறையில இருக்கு."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"டியூப் நாலும்?"

"நாலும்."

சிரித்தாள். மூக்கில் தண்ணீர் வர, மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எவ்வளவு நாளாயிற்று இந்தச் சிரிப்பைக் கேட்டு. நானும் சிரித்தேன். எனக்கு அழுகையும் வந்தது, எது முதலில் என்று தெரியவில்லை.

அடுத்த ஊர்ப் பங்க்சர் கடைவரை இருவரும் தள்ளிக்கொண்டு நடந்தோம். அவள் பேசினாள், நான் கேட்டேன். போல்ட் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே இரவு தங்குகிறவர்கள் வார்டு ஆபீஸில் பெயர் பதிய வேண்டும். சித்தி கூட்டிப்போனாள். எழுதுகிறவர் கேட்டார், உறவு? இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

பிப்ரவரி 9, திங்கள்

கிழக்கே சூலம், அவளுக்கு ப்யத்தடா. இருவரும் காலண்டரைப் பற்றிப் பேசவில்லை. காலையில் மொகிங்கா, மீன் குழம்பில் நூடுல்ஸ், இரண்டு கிண்ணம் எனக்கு. முழங்கால் வலி. தெற்கே போவதை விட்டுவிட்டோம், அவளுக்கும் அதுதான் வேண்டுமாம்.

திரும்பும் வழியில் அதே மரம். அங்கே நின்று அக்காவுக்குப் போன் போட்டாள், என் எதிரிலேயே. பர்மியத்தில் சொன்னது தமிழில் இவ்வளவுதான்: "வர்றேன். சித்திரையில தண்ணித் திருவிழா முடிஞ்சதும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்று அப்படிச் சிரித்தாளே. கோபம் வந்தது. "அப்ப இது எதுக்கு? இந்த ரெண்டு நாள்?"

"போறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன், கோ மோ. சொல்லிட்டுப் போறதா, சொல்லாமப் போறதான்னுதான் தெரியல. நேத்து நீங்க வராம இருந்தா, சொல்லிருக்கமாட்டேன்."

கொஞ்ச தூரம் மிதித்தோம். பிறகு அவளே சொன்னாள்: "ஒரு வருஷம். சைக்கிளை வித்துடாதீங்க. ரெண்டையும்."

ஒரு வருஷம் என்றால் ஒரு வருஷம்தானா? கேட்கவில்லை. படகில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். இது போகிறவள் செய்கிற காரியமா, இருக்கிறவள் செய்கிற காரியமா? துறையில் பைகள் பத்திரம். டீக்கடை அம்மா ஒரு பம்ப்பை உபயோகித்திருக்கிறாள்.

பிப்ரவரி 12, வியாழன்

வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. கரண்ட் மதியம் வந்தது. கடையில் ஒன்பது பேர்.

போல்ட் வந்ததென்று கரீம் பாய் ஆள் அனுப்பினார். போனேன். மா கின் போகிற செய்தியைச் சொன்னேன். போல்ட்டைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு, "அந்தக் கூடை வச்ச வண்டி மாதிரியே ஒண்ணு வேணும்னு ஒரு டீச்சரம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க தம்பி. சும்மா நின்னா துருப்பிடிச்சுப் போகும். ரெண்டு நாள் யோசிச்சு..." என்று தொடங்கினார்.

அவர் முடிப்பதற்குள் இல்லை என்று சொல்லிவிட்டேன்.