இமையோரத்து மஞ்சள் திட்டு

ஆவணி, செவ்வாய்க்கிழமை

பெரிய பேத்தி மதுரையில் வக்கீல். சின்னவள் பழனி கல்லூரியில் முதலாவதாக வந்தவள். பேரன் சரவணன் பெங்களூரில் இன்ஜினியர். எனக்கு மாதாமாதம் கொழுப்பு மாத்திரை கொண்டுவரும் நர்ஸிடம் இன்றும் இதையெல்லாம் சொல்லிவிட்டு, சரவணன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்தேன்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. படத்தில் அவன் இமையோரத்து மஞ்சள் திட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"இது எப்ப இருந்தும்மா இருக்கு?"

"அது எங்க வீட்டு அடையாளம் தாயி. எனக்கும் இருக்கு பாரு. அவங்கப்பனுக்கும் இருந்துச்சு."

"அவரு எங்க?"

"நாப்பது வயசுல நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தான். எந்திரிக்கவே இல்ல."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது கொழுப்பும்மா. பரம்பரையாவும் வரும். பேரனை இந்த வாரமே ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. மாத்திரையில கட்டுப்படுத்திரலாம்."

என்னை உரித்து வைத்திருக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லி, அந்தத் திட்டில்தானே முத்தம் கொடுத்தேன்! மகனுக்கும் அங்கேதான் கொடுத்தேன்.

உடனே சரவணனுக்குப் போன் போட்டேன். "நான் தெனமும் ஜிம்முக்குப் போறேன் அப்பத்தா, எனக்கென்ன?" என்று சிரித்தான். சிரிக்காதே என்று கத்திவிட்டேன்.

"சரி அப்பத்தா, நாளைக்கே ரத்தம் டெஸ்ட்டுக்குக் குடுக்குறேன்."

"வாய்ப்பேச்சு வேணாம் அப்பு. ரத்தம் எடுத்த இடத்துல பஞ்சு ஒட்டியிருப்பாங்கள்ல, அந்தக் கையோட புதுசா ஒரு போட்டோ எடுத்துத் தபால்ல அனுப்பு. அதைத்தான் இனிமே சுவத்துல மாட்டுவேன்."