துப்பாக்கிக் குழலைத் தேய்த்தவன் எழுதுவது

அண்ணா, என் ராசா,

நீ போய் இரண்டு வருஷம் முடியப் போகிறது. ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதைச் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது.

மெட்ரோவுக்குத் தோண்டியதில் தி.நகரில் என் கடை வாசலை மறைத்துத் தகரம் அடித்துவிட்டார்கள். ரிப்பேருக்குத் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு சந்து சுற்றி வருகிறவர்கள் என்னைத் திட்டுகிறார்கள். நானும் திருப்பித் திட்டுகிறேன். நம் அசோக் நகர் வீட்டில் மாடித் தொட்டி மறுபடி ஒழுகுகிறது. அண்ணி இருக்கிறார். சாப்பிடுகிறார், சீரியல் பார்க்கிறார், உன் நாற்காலியில் யாரையும் உட்கார விடுவதில்லை. அவ்வளவுதான் செய்தி.

இனி துப்பாக்கி விஷயம்.

நீ போன அந்த வாரமே உன் ரைஃபிளைக் கொண்டுபோய் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்தோம். லைசென்ஸ்காரர் இல்லாமல் அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாதாம். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் இது எதற்கு, விற்றுவிடுங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். அண்ணி ஒப்பவில்லை. அவர் எழுதிக் கொடுத்து, என் பேருக்கு லைசென்ஸ் கேட்டு மனு போட்டோம். ஸ்டேஷனுக்கும் கமிஷனர் ஆபீசுக்கும் நடந்து நடந்து என் கால் ஓய்ந்துவிட்டது. விசாரணைக்கு வந்த ஏட்டு, உனக்குச் சுடத் தெரியுமா என்று கேட்டார். சுடத் தெரியாது சார், துடைக்கத் தெரியும் என்றேன். பெருமையாகச் சொன்னேன் அண்ணா. அந்தப் பெருமைக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

உனக்கு நினைவிருக்கிறதா? ஞாயிறு காலையில் நீ ரைஃபிள் கிளப்புக்குப் போவாய். ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு காகிதம், அதன் நடுவில் கறுப்பு வட்டம். பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு அறுபது குண்டு சுட்டுவிட்டு வருவாய். வந்ததும் அந்தப் பாயிண்ட் டூ டூ ரைஃபிளை என் மடியில் வைப்பாய். "டேய், நீ மெஷின்காரன். உன் கை பட்டாதான் எனக்கு நிம்மதி" என்பாய்.

துணி விட்டுத் துடைத்தால் போதும் என்றுதான் நீ சொல்லியிருந்தாய். நான் கேட்பேனா? இரும்பைப் பற்றி எனக்கே பாடமா? நானே ஒரு ஸ்டீல் கம்பியை அறுத்து, நுனியில் பிரஷ் மாட்டி வைத்திருந்தேன். பின்பக்கம் குழலை அடைத்திருக்கிற போல்ட்டை உருவி எடுத்துவிட்டு, அந்த வழியாகத்தான் கம்பியை விட வேண்டும். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்துக்குச் சோம்பல்பட்டு, குண்டு வெளியே வருகிற வாய்ப்பக்கமாகவே கம்பியை விட்டு வரட்டு வரட்டென்று தேய்ப்பேன். நீ அப்போது குளித்துக்கொண்டிருப்பாய். வந்து போல்ட்டை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் குழலுக்குள் பார்ப்பாய். உள்ளே கண்ணாடி மாதிரி மின்னும். என் முதுகில் ஒரு தட்டு தட்டுவாய்.

அப்புறம் உன் மார்க் குறைய ஆரம்பித்தது.

உன் ஸ்கோர் நோட்டு இப்போது என் முன்னால்தான் இருக்கிறது. நாளுக்கு ஒரு பக்கம். காற்று, வெளிச்சம், எந்தப் பெட்டிக் குண்டு, எத்தனை மார்க். கடைசி வரியில், குறைந்ததற்குக் காரணம். முதலில் காற்று என்று எழுதியிருக்கிறாய். பிறகு சில பக்கம் குண்டு. பிறகு கண் என்று எழுதிக் கேள்விக்குறி போட்டிருக்கிறாய். அடையாறு டாக்டர் உன் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு கடைசிப் பக்கம் வரை ஒரே காரணம்தான். கை.

மார்க் குறையக் குறைய, இன்னும் கொஞ்சம் நல்லா சுத்தம் பண்ணுடா என்று நீ சொன்னாய். நானும் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அதோடு விட்டேனா? மாநில மேட்சில் தேறாமல் நீ வந்த அன்று, நாம் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், வாயில் வைக்கவில்லை.

"இன்னாணா, வயசாயிடுச்சி, வுடு. கை ஆடுதுல்ல" என்றேன்.

நீ சிரித்தாய். அடுத்த ஞாயிறு கிளப்புக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. ஆபீஸ் விட்டு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து வலது கையை நீட்டுவாய். அண்ணி தைலம் போட்டு நீவி விடுவார். விரலை விரித்து, நடுங்குகிறதா என்று நீயே பார்த்துக்கொள்வாய். ஒன்றரை வருஷம் இப்படியே போனது. ஒரு செவ்வாய்க்கிழமை ஆபீசில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். முடிந்தது.

இந்த வருஷம்தான் லைசென்ஸ் கைக்கு வந்தது. உன் நோட்டின் பின்னட்டையில் மூன்று ஆசைகள் எழுதி வைத்திருந்தாய் அல்லவா? குறி பார்க்கப் பின்பக்கம் ஒரு புது சைட், லேசாக அழுந்தும் டிரிகர், தோளுக்குத் தக்கபடி முன்னும் பின்னும் நகரும் பின்கட்டை. கிளப்பை விட்ட பிறகு அந்த மூன்றையும் நீயே கோடு போட்டு அடித்திருந்தாய். வருகிற திதிக்குள் அந்த மூன்றையும் செய்து, உன் படத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வேறு என்னதான் நான் உனக்குச் செய்தேன்?

மவுண்ட் ரோடு கடையில் துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிற பாய் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். மூன்றையும் மாற்றலாம் என்றார். பிறகு வாய்ப்பக்கம் லென்ஸை வைத்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இங்க பாரு நைனா. வாய்ல ஒரு பக்கம் அரம் போட்டா மாதிரி தேஞ்சி கீது. குண்டு வெளிய வர்றப்ப இது ஒரு பக்கமா தள்ளிவுடும். எவ்ளோ பெரிய ஆளு சுட்டாலும் நடுவுல வுழாது. எவனோ முன்னாலேந்து கம்பி வுட்டுத் தேச்சிருக்கான். யாரு அது?"

தெரியாது பாய் என்றேன். அப்படித்தான் சொன்னேன் அண்ணா. முப்பது வருஷம் கடை நடத்துகிறேன், ஒரு திருகாணியைக்கூடத் தப்பாகத் திருகியதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அன்று லென்ஸில் நானும் பார்த்தேன். பள்ளம் பள்ளமாக என் கம்பியின் தடம்.

பாய் விடாமல் கிளப்புக்குக் கூட்டிப் போனார். மணல்மூட்டை மேல் வைத்து ஐந்து குண்டு சுட்டார். காகிதத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறிக் கிடந்தது. பிறகு கடைக்குக் கொண்டுபோய், வாய்ப்பக்கம் ஒரு நகக்கண் அளவுக்கு அறுத்துத் தள்ளிவிட்டு, வாயைப் புதிதாகச் சமமாய்க் கடைந்தார். சைட், டிரிகர், கட்டை எல்லாம் மாற்றினார். மறுபடி அதே இடம், அதே மூட்டை, ஐந்து குண்டு. இந்தத் தடவை ஐந்தும் ஒரு கோட்டுப் பொத்தானுக்குள் அடங்கிவிட்டன. பாய் சந்தோஷமாகக் காகிதத்தை என்னிடம் நீட்டினார். எனக்கு அங்கேயே படுத்துவிடலாம் போல இருந்தது. அந்த நகக்கண் அளவு இரும்புதான் உன் கடைசி நாட்களைத் தின்றுவிட்டது.

இதை அண்ணியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். நான்கு நாள் சொல்லாமல்தான் இருந்தேன். ஐந்தாம் நாள், கடைசியில் அவருக்குத் தன் கை மேலேயே நம்பிக்கை போய்விட்டது, அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார் என்று அண்ணி பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு காகிதத்தையும் அவர் முன்னால் விரித்து வைத்து, கம்பியையும் வைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ தேவலை.

"அப்ப அவரு கைக்கு ஒண்ணுமே இல்லியா, சேகரு?"

"இல்ல அண்ணி."

தன் உள்ளங்கை இரண்டையும் திருப்பிப் பார்த்தார். தினமும் உனக்குத் தைலம் நீவி விட்ட கைகள். எழுந்து உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தார். அன்றிலிருந்து பதினோரு நாளாக என்னோடு ஒரு வார்த்தை இல்லை. சோறு மட்டும் போட்டு மூடி வைத்துவிடுகிறார். நான் அதைச் சாப்பிடுகிறேன். வெட்கமில்லாமல் பசிக்கிறது.

துப்பாக்கி இப்போது பெட்டியில் இருக்கிறது. நீ கேட்ட எல்லாம் அதில் இருக்கிறது. படுத்துச் சுட ஆளில்லை. அடுத்த வாரம் மயிலாப்பூரில் உனக்குத் திதி. நான்தான் எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். இந்தக் கையால் விட்டால் நீ வாங்கிக்கொள்வாயா? நான் தேய்ப்பதை ஒரு நாளாவது நீ பக்கத்தில் நின்று பார்த்திருக்கக் கூடாதா? இல்லை, பார்த்தும், தம்பி மனசு நோகும் என்று சும்மா இருந்துவிட்டாயா?

மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கொடுக்க நீ இல்லை. ஒரே ஒரு வாக்குத் தருகிறேன். உன் நோட்டில் காரணம் 'கை' என்று எழுதியிருக்கிற பக்கங்கள் இருபத்திரண்டு. எண்ணிவிட்டேன். திதி அன்று உன் பேனாவை எடுத்து உட்காருவேன். ஒவ்வொரு பக்கத்திலும் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, அதன் பக்கத்தில் என் பேரை எழுதுவேன். எழுதி முடித்து நோட்டை அண்ணியிடம் கொடுத்துவிடுவேன்.

உன் கை மேல் பழி விழவிட்ட
உன் தம்பி,
சேகர்