கத்ரீனாவின் குதிகால்

அன்பு மகனே,

ஞாயிறு ஆராதனை முடிந்து நம் சமையலறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், உன் தங்கை எல்ஸாபே, டாக்டர் ஸ்டெய்ன், தண்டவாளத்துக்கு அந்தப்புறக் கலப்பினத்தார் சபையைச் சேர்ந்த கத்ரீனா ஃபோர்ட்டேன். டாக்டரைக் கூட்டிவந்தவர் கத்ரீனாதான்.

உன் தாத்தா நாற்பத்தாறிலும் அப்பா நாற்பத்து மூன்றிலும் மாரடைப்பில் போனதைக் கர்த்தரின் அழைப்பு என்றே சொல்லிவந்தோம். டாக்டரோ, அது ரத்தத்தில் கொழுப்பு சேரும் பரம்பரைக் கோளாறு என்றார். அன்று ஹாலந்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் வந்த சில வெள்ளைக் குடும்பங்கள் தமக்குள்ளேயே மணந்துகொண்டதால், அவர்கள் வழிவந்த நம் ஆப்பிரிக்கானர்களிடம் அது மற்றவர்களைவிட அதிகமாம். செய்யாததைக் கர்த்தர்மேல் சுமத்தியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

கத்ரீனா காலுறையைக் கழற்றினார். குதிகாலுக்கு மேலே, உன் அப்பாவுக்கு இருந்த அதே கொழுப்புக் கட்டி.

"எங்கம்மா சாகும்போதுதான் என் அப்பா யாருன்னு சொன்னாங்க. உங்க மாமனார்தான். இனி உங்களை மேடம்னு கூப்பிடவா, அண்ணின்னு கூப்பிடவா?"



"காபி ஆறுது, முதல்ல குடிம்மா" என்றேன். பிறகு குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கத்தில், உன் அப்பா பெயருக்குக் கீழே கத்ரீனாவின் பெயரை எழுதினேன். உன் அத்தைக்கு அறுபத்திரண்டு வயது. பதினைந்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார், இன்னும் தோட்டம் கொத்துகிறார். என் மனம் நிறைந்திருக்கிறது.

தினமும் ஓடுகிறேன், எனக்கென்ன என்கிறாய். உன் அப்பாவும் ரக்பி ஆடியவர்தான். உனக்கு இந்த மாதம் நாற்பது முடிகிறது. அங்கே பெர்த்தில் ரத்தம் சோதித்து, கொழுப்பு எவ்வளவு என்று சீக்கிரம் எழுது.

உன் அம்மா